கிளாடியஸ் பேரரசரைப் பற்றி எழுத மூல ஆதாரங்கள்: எங்கே தேடுவது?

கேள்வி. ஜூன் 2, மாலை

ஐயா, வணக்கம். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ரோமப் பேரரசர் கிளாடியஸை எடுத்திருக்கிறேன். லத்தீன் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. எங்கள் நூலகத்தில் ரோமைப் பற்றி மூன்று பாடநூல்கள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினதுபோல இருக்கின்றன. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸை ஒழுங்காகப் படித்தாலே போதும், அவர்தான் மூலம் என்கிறான் நண்பன். அது சரியா? எங்கிருந்து தொடங்குவது?

ஜூன் 2, இரவு

போதாது தம்பி. கிளாடியஸ் விஷயத்தில் நிச்சயமாகப் போதாது.

கிளாடியஸ் ஆண்டது கி.பி. 41 முதல் 54 வரை. டாசிட்டஸ் எழுதிய 'ஆண்டுக் குறிப்புகள்' நூலில் ஏழிலிருந்து பத்து வரை நான்கு புத்தகங்கள் அழிந்துவிட்டன. பதினொன்றாவது புத்தகம் கி.பி. 47இல், நடுவழியில் தொடங்குகிறது. கிளாடியஸ் அரியணை ஏறியது, 43இல் பிரிட்டன் மீது படையெடுத்தது, ஓஸ்தியா அருகே துறைமுகம் கட்டத் தொடங்கியது எல்லாமே அந்த ஓட்டைக்குள் விழுந்துவிட்டன. மிஞ்சிய பகுதியும் தப்பியதே பெரிய விஷயம். 11 முதல் 16 வரையான புத்தகங்கள் மோந்தே காசினோ மடத்தில் 11ஆம் நூற்றாண்டில் படியெடுத்த ஒரே ஒரு சுவடி வழியாகத்தான் நமக்குக் கிடைத்தன. இன்று அது பிளாரன்ஸில் இருக்கிறது. அந்த ஒன்று செல்லரித்திருந்தால் கதை அவ்வளவுதான்.

ஆகவே டாசிட்டஸோடு இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சூட்டோனியஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு, ஆண்டு வரிசை இல்லாமல் தலைப்பு வாரியாகப் போகும். காசியஸ் டியோவின் 60ஆம் புத்தகம், கிளாடியஸ் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கிரேக்கத்தில் எழுதியது. ஜோசபஸின் 'யூதர் பழமை' 19ஆம் புத்தகம், அரியணை ஏறிய நாளைப் பற்றி இவ்வளவு விரிவாக வேறு யாரும் எழுதவில்லை. அப்புறம் தத்துவ அறிஞர் செனெகா. கிளாடியஸ் இறந்ததும் அவரைக் கிழிகிழியென்று கிழித்து ஓர் அங்கதம் எழுதினார். 41இல் அவரைக் கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தியதே கிளாடியஸ்தான், எட்டு வருடம் அங்கே கிடந்தார். அந்தக் கணக்கையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்றைக்கு இது போதும். முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை

நான் பத்திர எழுத்தர். இருபத்தாறு வருடமாக அதுதான் தொழில். நிலம் வாங்க வருகிறவர் கையில் ஒரு ஜெராக்ஸைக் கொண்டுவந்து "இதைப் பார்த்து எழுதிடுங்க" என்பார். நான் எழுத மாட்டேன். தாய்ப்பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்பேன். நகலில் ஒரு சர்வே எண் மாறியிருந்தால் இரண்டு குடும்பம் பத்து வருடம் கோர்ட்டுக்கு நடக்கும்.

இவ்வளவு தெரிந்த நானே ரோம வரலாற்றில் தாய்ப்பத்திரம் பார்க்காமல் பேசினேன். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் கிளாடியஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வாய்ப்புக் கிடைத்தது. கி.பி. 48இல் கால் நாட்டு (இன்றைய பிரான்ஸ்) முக்கியஸ்தர்கள் ரோமில் பதவி வகிக்கும் உரிமை கேட்டார்கள். பழைய செனட்டர்கள் முறுக்கிக்கொண்டார்கள். கிளாடியஸ் எழுந்து கால் நாட்டாருக்காகப் பேசினார். அந்த உரை டாசிட்டஸ் 11.24இல் இருக்கிறது. அதை நானே தமிழாக்கி, "இவை பேரரசரின் சொந்த வார்த்தைகள்" என்று சொல்லி வாசித்தேன். ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் ஏன் வீழ்ந்தன? தங்களிடம் தோற்றவர்களை அந்நியராகவே ஒதுக்கி வைத்ததால். இன்று நாம் முன்னுதாரணம் காட்டி வாதாடும் இதுவே நாளை ஒரு முன்னுதாரணமாகும். கூட்டம் கைதட்டியது. எனக்கும் தொண்டை அடைத்தது.

நாலைந்து மாதம் கழித்து ஓர் அடிக்குறிப்பில் பார்த்தேன், அதே உரை வெண்கலத்தில் இருக்கிறது என்று. 1528இல் லியோன் நகரத்துக் குன்றில் ஒரு துணி வியாபாரியின் திராட்சைத் தோட்டத்தில் கிடைத்த பலகை. மேல்பகுதி போய்விட்டது. மிச்சத்தில் இரண்டு பத்தி லத்தீன். கிளாடியஸ் பிறந்த ஊரே லியோன்தான், அன்றைய பெயர் லுக்துனும். தங்களுக்காகப் பேசினவரின் பேச்சை அந்த ஊரார் வெண்கலத்தில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் பிடித்து வாசித்தேன். நான் மேடையில் வாசித்த ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. ஸ்பார்ட்டா இல்லை, ஏதென்ஸ் இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, நான் சொன்னது தவறு என்று சொன்ன பிறகுதான் மனம் ஆறியது.

ஜூன் 3, பத்து நிமிடம் கழித்து

எண்ணைக் கொடுக்க மறந்துவிட்டேன். லத்தீன் கல்வெட்டுத் தொகுதியில் 13ஆம் தொகுதி, எண் 1668. இந்த எண்ணை எந்தக் கல்வெட்டுத் தரவுத்தளத்தில் போட்டாலும் பலகையின் முழு வாசகம் வரும். பலகை இன்றும் லியோன் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 4

தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

"11.24" என்றால் பக்க எண் இல்லை. பதினொன்றாம் புத்தகம், இருபத்து நான்காம் அத்தியாயம். எந்தப் பதிப்பை, எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் அந்த எண் மாறாது. குறளுக்கு நாம் பக்க எண் தருவதில்லை, குறள் எண்தானே தருகிறோம்? அதே முறைதான். ஆய்வேட்டில் மூலநூலுக்குப் பக்க எண் போடாதீர்கள். பார்க்கிறவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், இவர் மூலத்தைத் தொடவில்லை என்று.

இந்த எண் பிடிபட்டதும் பாடநூல்களுக்கே ஒரு பயன் வந்துவிடும். அவை சொல்லும் சம்பவத்துக்கு அடியில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். எண் இருந்தால் போய்ப் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் அந்த வரியை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

ஜூன் 6

"அப்படியானால் டாசிட்டஸ் பொய்யர்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. நானும் அந்தக் கோபத்தில் ஒரு வருடம் அவரைத் தொடாமல் இருந்தேன். அப்புறம் டாசிட்டஸ் தரும் உரையையும் வெண்கலத்தில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு போட்ட நோட்டில் இரண்டு பத்தியாகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

வாதம் ஒன்றுதான். ரோம் தொடக்கத்திலிருந்தே வெளியாரைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்த ஊர், புதுமையைக் கண்டு பயப்படாதீர்கள். வெண்கலத்தில் கிளாடியஸ் அதை மன்னர்களை வைத்துச் சொல்கிறார். நூமா சபைன் நாட்டிலிருந்து வந்தவர். மூத்த தார்க்வினியஸ் கொரிந்துக்காரர் தெமாரத்தஸின் மகன். அப்புறம் சேர்வியஸ் துல்லியஸ் என்று போய்க்கொண்டே இருக்கிறார். டாசிட்டஸ் அதே வாதத்தைக் குடும்பங்களை வைத்துச் சொல்கிறார். கிளாடியஸின் முன்னோர் கிளாசஸ் சபைன்காரர், ஜூலியஸ் குடும்பம் ஆல்பாவிலிருந்து வந்தது. அலைந்து திரிந்த பேச்சை எடுத்து நெய்து கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் உரைகளை அப்படித்தான் எழுதினார்கள், படித்தவர்களுக்கும் அது தெரியும். செனட்டின் நடவடிக்கைக் குறிப்பேடுகளை டாசிட்டஸ் நேரிலேயே பார்த்திருக்கிறார் என்று இருபதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ரொனால்ட் சைம் வலுவாக வாதிட்டார். இரண்டையும் ஒப்பிட்ட பிறகு நானும் அவர் பக்கம்தான்.

தவறு என்னுடையது. டாசிட்டஸ் எழுதியதைக் கிளாடியஸ் வாயில் வைத்தது நான்தான்.

ஜூன் 6, இரவு

சேர்வியஸ் துல்லியஸ் என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். அந்த இடத்தைத் தாண்டவே மனம் வரவில்லை.

ரோம வரலாற்றாசிரியர் லிவியைப் படித்தால் சேர்வியஸின் தாய் சிறைபிடிக்கப்பட்டு வந்தவள். கிளாடியஸ் சொல்கிறார்: நம்மவர் எழுதியதை நம்பினால் அப்படி, எத்ருஸ்கர் (ரோமுக்கு வடக்கே வாழ்ந்த பழைய இத்தாலிய மக்கள்) எழுதியதை நம்பினால் சேர்வியஸ், கேலியஸ் விவென்னா என்பவரின் உற்ற தோழர், எத்ருஸ்க மொழியில் பெயர் மஸ்தார்னா. இப்படி ஒரு பெயரை லிவி சொல்லவே இல்லை. கிளாடியஸுக்கு எப்படித் தெரியும்? எத்ருஸ்கர் வரலாற்றை அவரே கிரேக்கத்தில் இருபது புத்தகமாக எழுதினவர். சூட்டோனியஸ் சொல்கிறார். அந்த இருபதும் காணாமல் போய்விட்டன.

1857இல் இத்தாலியில் வுல்சி என்ற இடத்தில் ஒரு எத்ருஸ்கக் கல்லறை திறக்கப்பட்டது. சுவரில் ஓவியம். கையைக் கட்டிப்போட்ட ஒருவனின் கட்டை இன்னொருவன் வெட்டி விடுவிக்கிறான். தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கிறது. கட்டுண்டவன் கைலே விப்பினாஸ். விடுவிக்கிறவன் மக்ஸ்த்ர்னா.

கிளாடியஸுக்கு முன்னூறு ஆண்டுக்கும் மேல் பழைய ஓவியம் அது. அரண்மனையில் எல்லோரும் மந்தபுத்தி என்று ஒதுக்கி வைத்திருந்த மனிதர், செனட்டில் எத்ருஸ்கர் கதை என்று சொன்னதை எத்ருஸ்கர் கல்லறையே வந்து உறுதி செய்கிறது. கதை உண்மையா என்பது வேறு கேள்வி, எத்ருஸ்கர் அப்படிச் சொல்லிவந்தார்கள் என்பது உண்மை. எனக்கு இதைப் படித்த நாள் அப்படியே நினைவிருக்கிறது. மதியம், கரண்ட் இல்லை, போன் வெளிச்சத்தில் படித்தேன்.

ஜூன் 9

வீட்டிலிருந்தே படிக்க என்னென்ன இருக்கிறது என்பதற்கு.

டாசிட்டஸுக்குச் சர்ச்சும் பிராட்ரிப்பும் செய்த 1876ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். நடை பழசு, ஆனால் ஒழுங்கானது. லோப் வரிசை என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம், லத்தீனுக்குச் சிவப்பு அட்டை, கிரேக்கத்துக்குப் பச்சை. அதன் பழைய பதிப்புகள் காப்புரிமை முடிந்து இணைய ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன. சூட்டோனியஸும் டியோவும் லாக்கஸ் கர்ஷியஸ் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறார்கள். பெர்சியஸ் தளத்தில் லத்தீன் சொல்லைத் தொட்டால் அகராதி திறக்கும். லத்தீன் தெரியாதவருக்கு அது கைத்தடி மாதிரி, நான் இன்றும் அதை ஊன்றித்தான் நடக்கிறேன். புது ஆய்வு நூல்களை வாங்க முடியாது, விலை அப்படி. அவற்றுக்குப் பிரின் மார் மதிப்புரை இதழைப் பாருங்கள், 1990 முதல் எல்லாம் இலவசம். எந்த நூல் எதில் பலவீனம் என்று நேராகச் சொல்லிவிடுவார்கள்.

கிளாடியஸைப் பற்றிய புகழ்பெற்ற நாவலைப் படித்துவிட்டு வந்தவர்கள் ஒன்று கவனியுங்கள். 1934இல் அதை எழுதிய ராபர்ட் கிரேவ்ஸே 1957இல் சூட்டோனியஸையும் மொழிபெயர்த்தார். இரண்டும் ஒரே குரலில் இருக்கும். நாவலில் படித்தது எது, சூட்டோனியஸில் படித்தது எது என்று தலையில் கலந்துவிடும். எனக்குக் கலந்தது. அதனால் உங்களுக்கு வேறு மொழிபெயர்ப்பைச் சொல்வேன்.

ஜூன் 10

கல்வெட்டுத் தளத்துக்குப் போனேன், வாசகம் முழுக்க அடைப்புக்குறி, ஒன்றும் விளங்கவில்லை என்றீர்களே. அந்த அடைப்புக்குறிதான் உயிர்.

சதுர அடைப்புக்குள் இருப்பது கல்லில் இல்லாதது. உடைந்துபோன இடத்தை அறிஞர் ஊகித்து நிரப்பியது. வளைந்த அடைப்புக்குள் இருப்பது கல்வெட்டுக்காரன் சுருக்கி வெட்டியதன் விரிவு. பிரிட்டன் வெற்றிக்காக ரோமில் எழுப்பிய வளைவின் கல்வெட்டைத் திறந்து பாருங்கள். பிரிட்டனின் பதினொரு மன்னர்கள் எந்த இழப்பும் இல்லாமல் பணிந்தார்கள் என்று மேற்கோள் காட்டுவார்கள். அதில் எவ்வளவு சதுர அடைப்புக்குள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் அடைப்பைத் தூக்கிவிட்டால் ஊகமும் கல்லும் ஒன்றாகிவிடும்.

ஆனால் முழுசாக நிற்கிற கல்லும் உண்டு. கிளாடியஸ் லத்தீன் நெடுங்கணக்கில் மூன்று புது எழுத்தைச் சேர்த்தார் என்று டாசிட்டஸும் சூட்டோனியஸும் சொல்கிறார்கள். லத்தீனில் உகரத்துக்கும் வகரத்துக்கும் ஒரே எழுத்து. நமக்கு இரண்டும் தனித்தனி என்பதால் அந்தச் சங்கடம் நமக்குப் புரியாது. கிளாடியஸுக்கு அது உறுத்தியிருக்கிறது. வகர ஒலிக்குத் தலைகீழாகத் திருப்பிய எஃப் ஒன்றை வைத்தார். கி.பி. 49இல் ரோமின் புனித எல்லையை விரித்து அவர் நட்ட எல்லைக்கற்களில் அந்த எழுத்து இருக்கிறது. அப்படி ஒரு கல் 2021இல் ரோமில் சாக்கடை வேலைக்குத் தோண்டியபோது கிடைத்தது. அவர் இறந்ததும் அந்த எழுத்துகளும் வழக்கொழிந்தன. எல்லைக்கல் என்பதால் எனக்குக் கூடுதல் பாசம், ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 13, திருத்தம்

முதல் குறிப்பில் பிரிட்டன் படையெடுப்பு முழுக்க ஓட்டைக்குள் போய்விட்டது என்று எழுதினேன். அது முழுச் சரியில்லை. டாசிட்டஸ் தம் மாமனாரைப் பற்றி எழுதிய 'அக்ரிகோலா' நூலில் 13, 14ஆம் அத்தியாயங்களில் சில வரிகள் இருக்கின்றன. 'ஆண்டுக் குறிப்புகள்' 12.31 முதல் 12.40 வரை பிற்பாடு நடந்த பிரிட்டன் போர்களும், பிரிட்டன் தலைவன் கராட்டகஸ் பிடிபட்டு ரோமில் பேசியதும் இருக்கிறது. அந்தப் பேச்சும் டாசிட்டஸ் நெய்ததுதான், அதற்கு வெண்கலம் ஏதும் இல்லை. 43ஆம் ஆண்டுச் சம்பவங்களைக் கோவையாகச் சொல்வது டியோ மட்டுமே, 60.19 முதல். கிளாடியஸ் பிரிட்டனில் இருந்தது பதினாறு நாள் என்பதும் அவர் சொன்னதே.

ஜூன் 15

அரியணை ஏறிய நாளுக்கு நாணயம் பாருங்கள். முந்தைய பேரரசர் காலிகுலா கொல்லப்பட்டதும் கிளாடியஸ் திரைக்குப் பின்னால் ஒளிந்தார், ஒரு சிப்பாய் காலைப் பார்த்துவிட்டு இழுத்து வெளியே விட்டான் என்கிறார் சூட்டோனியஸ். மெய்க்காவல் படைக்குத் தலைக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்களித்தார் என்றும் சொல்கிறார். இதெல்லாம் எதிரிகள் கட்டிய கதையாக இருக்குமோ என்று தோன்றும். ஆனால் கிளாடியஸின் பொன் நாணயத்திலேயே மெய்க்காவல் படை முகாமின் மதிலும், பேரரசர் ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்ற வாசகமும் இருக்கின்றன. படைதான் தன்னை உட்கார வைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. படம் அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் ரோமப் பேரரசு நாணயத் தளத்தில் இலவசம்.

பபைரஸும் (பழங்கால நாணல் தாள்) உண்டு. கி.பி. 41இல் அலெக்சாந்திரியா மக்களுக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகல் லண்டனில் இருக்கிறது, 1924இல் பதிப்பித்தார்கள். எனக்குக் கோயில் வேண்டாம், பூசாரி வேண்டாம், அதெல்லாம் தெய்வங்களுக்கு உரியது என்று எழுதுகிறார். அதை ஊருக்கு அறிவித்த எகிப்து ஆளுநர் தம் முன்னுரையில், நம் தெய்வமான சீசரின் பெருமையைப் படித்து வியந்துகொள்ளுங்கள் என்கிறார். ஒரே தாளில் இரண்டும்.

ஜூன் 21

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து விஷயம்.

மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலில், 6.84இல் சொல்கிறார்: செங்கடல் வரியைக் குத்தகை எடுத்த அன்னியஸ் ப்ளோக்காமஸின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியாவைச் சுற்றிப் போகையில் காற்று அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நாள் தப்ரோபனே தீவில், அதாவது இலங்கையில் சேர்ந்தான். அவனிடம் இருந்த தினாரிகளில் (ரோம வெள்ளிக் காசுகளில்) வெவ்வேறு தலைகள், ஆனால் எடை எல்லாம் ஒன்று. அந்த நேர்மையைப் பார்த்து வியந்த அரசன் கிளாடியஸிடம் நான்கு தூதரை அனுப்பினான், தலைவன் பெயர் ராகியாஸ்.

படித்தால் எல்லாமே கிளாடியஸ் காலத்தில் அடுத்தடுத்து நடந்ததாகத் தோன்றும். ஆனால் எகிப்தின் கிழக்குப் பாலையில், பெரெனிகே துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஒரு பாறையில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கிறுக்கல் இருக்கிறது: பப்ளியஸ் அன்னியஸ் ப்ளோக்காமஸின் ஆள் லைசாஸ் இங்கே வந்தேன். தேதி கி.பி. 6, ஜூலை. கிளாடியஸ் அரியணை ஏறுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுக்கு முன்.

அதே ப்ளோக்காமஸா, அவர் மகனா? காற்றில் அகப்பட்ட பயணம் முன்னாலேயே நடந்து, தூதர் மட்டும் பின்னால் வந்தார்களா? அறிஞர்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்கள். பயணம் முந்தியது, தூது பிந்தியது என்றே எனக்குப் படுகிறது. ஆய்வேட்டில் ஓர் இயல் இதற்கே ஒதுக்கலாம் தம்பி. இதை எடுத்துச் செய்ய நம் பக்கத்து ஆள் வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஜூலை 4

இயல் பிரித்து அனுப்பியதைப் பார்த்தேன். லியோன் பலகையை முதல் இயலில் வைத்தது சரி. ஒன்றே ஒன்று சேருங்கள்.

பலகையின் இரண்டாம் பத்தியில், கிளாடியஸ் சொந்தக் கதை, ஊர்க் கதை என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு வாக்கியம் வருகிறது. நேற்று இரவு மறுபடியும் அகராதியோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் பிரித்தேன் (இதில் அழைக்கப்படுகிறவர் கிளாடியஸேதான்): "திபேரியஸ் சீசர் ஜெர்மானிகஸே, உன் பேச்சு எங்கே போகிறது என்று செனட்டர்களுக்குச் சொல்ல நேரமாகிவிட்டது. நார்போ கால் நாட்டின் கடைசி எல்லைக்கே வந்துவிட்டாய்." ஒரு செனட்டர் பொறுமை இழந்து குறுக்கே கத்தியது என்கிறார்கள் சிலர். கிளாடியஸ் தம்மைத் தாமே அதட்டிக்கொண்டார் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. தடம் மாறிப் போவது தமக்கே தெரிந்த மனிதரின் குரல் அது.

டாசிட்டஸின் 11.24இல் இந்த வரி இல்லை. அந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்புப் போட்டு, லத்தீன் கல்வெட்டுத் தொகுதி 13.1668 என்று எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.